அத்தியாயம் 7: சாதனம் போன பின்னும் தங்கிவிடும் ஒயர்கள்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இருக்கும் வன்னியம்பட்டியில், ஓட்டு வீடோ மாடி வீடோ, பரண் மேலோ பீரோவின் அடித்தட்டிலோ ஒரு கட்டைப்பை இருக்கும். பழைய சார்ஜர், அறுந்த இயர்போன், டி.வி.யின் மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயர், எதற்கு வந்தது என்று யாருக்கும் நினைவில்லாத அடாப்டர் எல்லாம் அதற்குள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். "என்றைக்காவது உதவும்" என்று எடுத்து வைத்தவை அவை. ஆனால் அவசரத்துக்கு ஒன்று வேண்டும் என்றால் அந்தப் பையில் கிடைப்பதில்லை. கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வருகிறோம். பை இன்னும் கொஞ்சம் பெரிதாகிறது.

இந்தக் குவியல் ஒரே நாளில் சேர்ந்ததன்று. 2006-இல் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. ஆண்டுக்காண்டு வேறு வேறு கம்பெனி, வேறு வேறு மாடல் என்பதால் அக்காவுக்கு வந்த சார்ஜர் தம்பியின் மடிக்கணினிக்குச் சேராது. கேபிள் டி.வி. டிஜிட்டல் ஆனதும் செட்டாப் பாக்ஸும் அதற்கோர் அடாப்டரும் வந்தன. இடையில் நோக்கியாவின் பெரிய பின் போய்ச் சின்னப் பின் வந்தது, அதுவும் போய் மைக்ரோ யூஎஸ்பி வந்தது, இப்போது டைப்-சி. ஒவ்வொரு மாற்றத்திலும் சாதனம் வீட்டை விட்டுப் போயிற்று, ஒயர் மட்டும் தங்கிவிட்டது.

ஆகவே இந்த அத்தியாயத்துக்கு ஒரே விதிதான்: எந்தச் சாதனத்துக்கு உரியது என்று சொல்ல முடியாத ஒயருக்கு வீட்டில் இடமில்லை. டப்பாவும் கொக்கியும் வாங்குவது பிறகு. முதலில் ஒவ்வொரு ஒயருக்கும் அதன் சாதனத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வேலைக்கு முன்

ஞாயிற்றுக்கிழமை காலை போன்ற ஒரு நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் எல்லோரும் இருப்பது நல்லது, "இது யாருடையது?" என்ற கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைக்கும். வெளிச்சமான திண்ணையிலோ கூடத்திலோ பழைய போர்வையை விரித்துக்கொள்ளுங்கள். பேப்பர் டேப், பால்பாயிண்ட் பேனா, கத்தரிக்கோல், உலர்ந்த துணி, போன வருடத்து தினசரி காலண்டர் அட்டை ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

சுவரில் மாட்டியிருப்பவற்றைக் கழற்றுவதற்கு முன் சுவிட்சை அணையுங்கள். கை ஈரமாக இருக்கக் கூடாது. ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் தலையைப் பிடித்துக் கழற்றுங்கள். சிறு குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

முதல் படி: எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொட்டுதல்

பரண், பீரோ, டி.வி. ஷோகேஸ், தையல் மெஷின் டிராயர், பிள்ளைகளின் பழைய பள்ளிப் பை, பைக்கின் பெட்டி, தோட்டத்து மோட்டார் ரூம் என எங்கெல்லாம் ஒயர் இருக்குமோ அங்கெல்லாம் தேடி எடுத்து வாருங்கள். பாதியை விட்டுவிட்டுச் செய்தால் பலன் இல்லை. ஒரே மாதிரி ஐந்து இருப்பது ஐந்தையும் ஒன்றாகப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து, இப்போது வீட்டில் வேலை செய்யும் மின்சாதனங்களை ஒரு தாளில் எழுதுங்கள்: யார் யாருடைய செல்போன், மடிக்கணினி, டி.வி., செட்டாப் பாக்ஸ், இன்டர்நெட் ரவுட்டர், எமர்ஜென்சி லைட், டார்ச், பவர் பேங்க், மருந்து அடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். இந்தப் பட்டியல்தான் உங்கள் வீட்டின் அளவுகோல். இதில் ஏதேனும் ஒரு பெயரோடு சேராத ஒயர், வெளியே போக வேண்டிய ஒயர்.

இரண்டாம் படி: முனையைப் பார்த்துப் பிரித்தல்

• தட்டையான செவ்வக முனை, யூஎஸ்பி-ஏ: அடாப்டருக்குள் செருகும் பக்கம் இது. பெரும்பாலான ஒயர்களுக்கு இருப்பதால் இதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது; மறுமுனையைப் பாருங்கள்.

• மைக்ரோ யூஎஸ்பி: ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் குறுகல், ஒரே வாக்கில்தான் நுழையும். பழைய ஸ்மார்ட்போன், பட்டன் போன், ப்ளூடூத் ஸ்பீக்கர், டிரிம்மர் ஆகியவற்றில் இன்னும் இருக்கிறது.

• டைப்-சி: இரு ஓரமும் வளைந்த நீள்வடிவம், எப்படித் திருப்பிச் செருகினாலும் நுழையும். 2014-இல் வெளிவந்தது.

• லைட்னிங்: மெல்லிய முனை, இரண்டு பக்கமும் பொன்னிறக் கோடுகள். 2012 முதல் ஐபோன்களில் இருந்தது. 2023-இல் ஐபோன் 15 வந்தபோது அதுவும் டைப்-சிக்கு மாறிவிட்டது.

• உருளை முனை, குண்டு பின்: ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், மடிக்கணினி, ஸ்பிரேயர், சில எமர்ஜென்சி லைட்டுகளுக்கு உரியது. ஆபத்து அதிகம் உள்ள வகை இதுதான். அடுத்த படியில் விரிவாகப் பார்ப்போம்.

• படமும் ஒலியும் கடத்தும் ஒயர்: மூன்று வண்ண ஏவி ஒயர், எச்டிஎம்ஐ, கேபிள் டி.வி.யின் தடித்த கறுப்பு ஒயர்.

• சதுர முனை: பிரிண்டருக்கு உரியது.

ஐபோன் இல்லாத வீட்டில் லைட்னிங் ஒயரும், பிரிண்டர் இல்லாத வீட்டில் சதுர முனை ஒயரும் இருந்தால் அவற்றை உடனே ஒதுக்கிவிடலாம். எச்டிஎம்ஐ போட்டு டி.வி. ஓடினால் மூன்று வண்ண ஒயர் ஒன்றுகூடத் தேவைப்படாது.

மூன்றாம் படி: அடாப்டரின் முதுகைப் படித்தல்

ஒவ்வோர் அடாப்டரின் முதுகிலும் பொடி எழுத்தில் இன்புட், அவுட்புட் என்று இரண்டு வரி இருக்கும். எழுத்து தெரியவில்லை என்றால் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இன்புட் வரியில் 100-240 வோல்ட் என்று இருந்தால், நம் ஊரின் 230 வோல்ட் மின்சாரத்துக்கு ஏற்றது. முக்கியமானது அவுட்புட் வரி.

அதில் இரண்டு எண்கள் இருக்கும்: வோல்ட், ஆம்பியர். மேல்நிலைத் தொட்டியின் உயரம் வோல்ட் என்றால், சாதனம் கேட்கும்போது குழாய் தரக்கூடிய அதிகபட்சத் தண்ணீர் ஆம்பியர். இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. வோல்ட், சாதனம் கேட்பதற்குச் சரியாக இருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆம்பியர், சாதனம் கேட்கும் அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. 12 வோல்ட், 1 ஆம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் போடலாம். 9 வோல்ட் கேட்கும் ரவுட்டருக்கு 12 வோல்ட் அடாப்டரைப் போட்டால் ரவுட்டர் எரிந்து போகலாம். பின் மட்டும் அச்சாகப் பொருந்தும், அதுதான் ஏமாற்றுவது.

மூன்றாவதாக, ஒரு சின்ன வட்டமும் நடுவில் புள்ளியும் அதன் இரு பக்கமும் கூட்டல், கழித்தல் குறிகளும் உள்ள படம் இருக்கும். நடுப் புள்ளியோடு இணைந்திருப்பது கூட்டலா கழித்தலா என்று பாருங்கள். சாதனத்திலும் அதே படம் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

விவசாய வீடுகள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேட்டரி ஸ்பிரேயரின் சார்ஜர், 12 வோல்ட் பேட்டரியை ஏற்றுவதற்காக 14 வோல்ட் அளவுக்குத் தரும். அதன் பின், செட்டாப் பாக்ஸின் பின்னோடு பொருந்திவிடக்கூடும். அந்தச் சார்ஜரை டி.வி. பக்கத்தில் வைக்கவே வேண்டாம். ஸ்பிரேயரோடு கட்டி வையுங்கள். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் சார்ஜர் பெரும்பாலும் 50 வோல்ட்டுக்கு மேல் தருவது. அதை அந்த வண்டிக்கு அல்லாமல் வேறு எதற்கும் தொடக்கூடாது. வேறு சார்ஜரை அந்த வண்டிக்குப் போடவும் கூடாது.

மடிக்கணினி சார்ஜரில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 65 வாட். பின் பொருந்தியது என்பதற்காக ஒரு மடிக்கணினியின் சார்ஜரை இன்னொன்றுக்குப் போட வேண்டாம். வோல்ட், ஆம்பியர், நடுப் புள்ளியின் குறி மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் போடுங்கள்.

யூஎஸ்பி சார்ஜர்களில் இந்தக் கவலை குறைவு. போனும் சார்ஜரும் தமக்குள் பேசி முடிவு செய்துகொள்ளும். தரமான 65 வாட் டைப்-சி சார்ஜரில் 15 வாட் போனைப் போட்டால் போன் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆனால் சில கம்பெனிகளின் அதிவேக சார்ஜிங் அவர்களுடைய அடாப்டரும் அவர்களுடைய ஒயரும் சேர்ந்தால்தான் முழு வேகத்தில் நடக்கும். அப்படி வந்த ஜோடியைப் பிரிக்க வேண்டாம்.

நான்காம் படி: நல்லதையும் கெட்டதையும் பிரித்தல்

வேலை செய்யும் ஒரு போனை வைத்துக்கொண்டு, அதில் பொருந்தும் ஒவ்வொரு ஒயரையும் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் அது கழிக்க வேண்டியது:

• உறை கிழிந்து உள்ளே கம்பி தெரிவது
• பிளாஸ்டிக்கில் கருகல், உருகல், கருகிய வாடை
• அடாப்டரைக் கையில் பிடிக்க முடியாத சூடு
• பின் ஆடுவது, பிடித்துக்கொண்டே இருந்தால்தான் சார்ஜ் ஏறுவது
• தொடும்போது சுருக்கென்று ஷாக் அடிப்பது
• ஆட்டினால் உள்ளே ஏதோ உருளும் சத்தம்

சுவர் பிளக்கிலிருந்து அடாப்டர் வரை போகும் ஒயரில் 230 வோல்ட் ஓடுகிறது. அதில் கிழிசல் இருந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிக்கக் கூடாது. டேப்பின் பசை வெயிலிலும் சூட்டிலும் விட்டுப்போகும். எலி கடித்த தடம் இருந்தாலும் அதே முடிவுதான்.

ஒயரைக் குற்றம் சொல்வதற்கு முன் போனின் ஓட்டையையும் பாருங்கள். ராஜபாளையத்து நூல் மில்களிலும் சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளிலும் வேலை பார்ப்பவர்களின் சட்டைப்பையில் பஞ்சுத் தூசி இருக்கும். அது சார்ஜர் ஓட்டைக்குள் போய்ச் செருகச் செருக இறுகிவிடும். அப்போது முனை முழுதாக நுழையாது. சார்ஜ் விட்டு விட்டு ஏறும். போனை அணைத்துவிட்டு, பல்குத்தும் மரக்குச்சியால் மெல்ல நெம்பி எடுங்கள். ஊக்கு, ஊசி வேண்டாம். உள்ளே இருக்கும் உலோகத் தகடு வளைந்துவிடும். கெட்டுப்போனதாக நினைத்த ஒயர் பல சமயம் இதிலேயே சரியாகிவிடும்.

ஐந்தாம் படி: எத்தனை போதும்?

வேலை செய்யும் சாதனம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சார்ஜர். ஒவ்வொரு முனை வகைக்கும் உபரியாக ஓர் ஒயர். எச்டிஎம்ஐ, பயன்பாட்டில் இருப்பது போக ஒன்று. வெளியூர் போகும்போது எடுத்துச் செல்ல ஒரு சார்ஜர். இதற்கு மேல் ஒரு வீட்டுக்குத் தேவை இல்லை. நான்கு செல்போன் உள்ள வீட்டுக்கு நான்கு சார்ஜரும் உபரி ஒன்றும் தாராளம்.

உபரியாக நிற்கும் நல்லவற்றை வீட்டுக்குள் வைத்திருப்பதைவிட, தேவைப்படுபவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கிருஷ்ணன்கோவில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு ஒன்று உதவும். ஊரில் பழைய விலையில்லா மடிக்கணினியைச் சார்ஜர் இல்லாமல் மூடி வைத்திருக்கும் வீடு இருக்கலாம். எண்களை ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுங்கள். செல்போன் சர்வீஸ் கடைக்காரரும் பழைய அடாப்டர்களை எடுத்துக்கொள்வார்.

எதற்கு என்றே தெரியாதவற்றை மட்டும் ஒரு பையில் போட்டு, அன்றைய தேதியை மேலே எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்குள் யாரும் கேட்கவில்லை என்றால் பிரித்துப் பார்க்காமல் கழித்துவிடுங்கள். பிரித்துப் பார்த்தால் மனம் மாறும்.

ஆறாம் படி: சுருட்டிப் பெயர் எழுதுதல்

ஒயரை அடாப்டரின் மேலேயே இறுக்கிச் சுற்றுவது நம் வழக்கம். ஒயர் முதலில் அறுவது அடாப்டரிலிருந்தும் முனையிலிருந்தும் கிளம்பும் கழுத்துப் பகுதியில்தான். இறுக்கிச் சுற்றினால் அந்த இடம்தான் மடங்குகிறது. கழுத்திலிருந்து நான்கு விரல் நீளம் தளர்வாக விட்டு, மீதியை உள்ளங்கை அகலத்துக்கு வளையமாகச் சுருட்டுங்கள். முழங்கைக்கும் கைக்கும் நடுவே கயிறு சுற்றுவது போல் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கு ஏறும்; அது வேண்டாம்.

சுருட்டியதைக் கட்ட, சிவகாசியில் அச்சாகி வரும் தினசரி காலண்டரின் தடித்த அட்டையைவிட வசதியான பொருள் கிடையாது. வருடம் முடிந்ததும் அதை நான்கு விரல் அகலம், ஒரு சாண் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். இரு முனையிலும் சிறு வெட்டு கொடுங்கள். மெல்லிய ஒயரை அட்டையில் தளர்வாகச் சுற்றி, கடைசி முனையை அந்த வெட்டில் மாட்டிவிடலாம். அட்டையின் வெற்றுப் பக்கத்திலேயே பெயரும் எழுதலாம்.

பெயர் எழுதுவதுதான் இந்த அத்தியாயத்தின் உயிர். அடாப்டரில் ஒன்று, ஒயரின் முனைப் பக்கம் ஒன்று என இரண்டு இடத்தில் பேப்பர் டேப் ஒட்டுங்கள். "ரவுட்டர் - 12 வோல்ட்", "அப்பா போன்", "ஸ்பிரேயர் மட்டும்" என்று தெளிவாகத் தமிழில் எழுதுங்கள். வாங்கிய மாதமும் வருடமும் சேர்த்து எழுதினால் வாரண்டி கேட்க உதவும். மேலே செல்லோ டேப் ஒட்டினால் எழுத்து அழியாது. பாட்டியும் பள்ளிக்கூடப் பிள்ளையும் படித்துப் புரிந்துகொள்ளும்படி இருந்தால் அது சரியான பெயர்.

ஏழாம் படி: இடம் ஒதுக்குதல்

தினமும் எடுப்பவை, எப்போதாவது எடுப்பவை, உபரி என்று மூன்று இடம் போதும்.

தினமும் எடுப்பவற்றுக்குக் கூடத்தில் ஒரு சார்ஜிங் இடம் வையுங்கள். சுவிட்ச் போர்டுக்குக் கீழே ஒரு சிறு பலகை, அதில் போன்கள். ஒயர்கள் தரையில் தொங்கக் கூடாது. படுக்கையில் தலையணைக்கு அடியில் போனை வைத்துச் சார்ஜ் போடும் பழக்கம் இதனாலேயே நின்றுவிடும். இலவம் பஞ்சுத் தலையணைக்கு அடியில் சூடு வெளியேற வழி இல்லை. பேட்டரி உப்புவதற்கும் தீப்பிடிப்பதற்கும் அது இடம் கொடுக்கும்.

எப்போதாவது எடுப்பவற்றை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். திறந்த பையில் வைத்தால் எலி கடிக்கும். பால்கோவா, மிட்டாய் வந்த பெட்டியில் வைப்பதானால் நன்றாகக் கழுவிக் காய வைத்த பிறகு வையுங்கள். இனிப்பு ஒட்டியிருந்தால் எறும்பு வரும், எறும்பு அடாப்டரின் இடுக்குக்குள்ளும் போகும். அடுப்பு, சாமி விளக்கு, மழைச்சாரல் தெறிக்கும் ஜன்னல் ஆகியவற்றின் பக்கம் வேண்டாம். பவர் பேங்கைப் பாதி சார்ஜில், சாவி, நாணயம் போன்ற உலோகப் பொருள்கள் கலக்காமல் தனியாக வையுங்கள்.

சுவர்ப் பக்கம்: ஜங்ஷன் பாக்ஸ் கணக்கு

வீட்டின் சாதாரண சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டோடு பெருக்கினால் 1,380 வாட். ஒரு பாயிண்டிலிருந்து ஜங்ஷன் பாக்ஸ் இழுத்து நான்கு ஓட்டை கிடைத்தாலும் மொத்தக் கணக்கு இதே 1,380 வாட்தான்.

டி.வி. 100 வாட், செட்டாப் பாக்ஸ் 10 வாட், ரவுட்டர் 10 வாட், இரண்டு போன் சார்ஜர் 50 வாட் என்றால் 170 வாட். இவற்றை ஒரு தரமான ஜங்ஷன் பாக்ஸில் தாராளமாகப் போடலாம். அதே பாக்ஸில் 1,000 வாட் அயர்ன் பாக்ஸையும் 750 வாட் மிக்ஸியையும் போட்டால் 1,750 வாட். ஒயர் சூடாகி உருகும். அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்பு ஆகியவை ஜங்ஷன் பாக்ஸுக்கு வரவே கூடாது. அவற்றுக்குச் சுவரிலுள்ள 16 ஆம்பியர் பெரிய பாயிண்ட்தான் இடம். ஒரு ஜங்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொரு ஜங்ஷன் பாக்ஸ் இழுப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இடி மின்னல் வரும். வானம் இருட்டும்போதே டி.வி., ரவுட்டர், மடிக்கணினி பிளக்குகளையும் கேபிள் ஒயரையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பின் தொட வேண்டாம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஒயர்களில் பெயர் எழுதியிருந்தால் அந்த அவசரத்தில் எதைக் கழற்றுவது என்று தேட வேண்டியதில்லை.

தவழும் குழந்தை உள்ள வீட்டில், போனைக் கழற்றியதும் சார்ஜர் முனையைத் தொங்கவிடாதீர்கள். குழந்தை அதை வாயில் வைக்கும். மலிவான சார்ஜரில் உட்காப்பு சரியில்லை என்றால் அந்த முனையில் ஆபத்தான மின்சாரம் வரலாம். போனைக் கழற்றும் கையோடு சுவிட்சையும் அணையுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) இல்லாத வீடு, எலெக்ட்ரீசியனை அழைத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். ஷாக் அடிக்கும்போது உயிரைக் காப்பது அதுதான்.

கரண்ட் பில்லில் என்ன மிச்சம்?

சும்மா மாட்டியிருக்கும் தரமான போன் சார்ஜர் 0.1 வாட் அளவுக்கே இழுக்கும். இரண்டு மாதத்துக்கு 0.15 யூனிட்கூட வராது. அதைக் கழற்றுவது பாதுகாப்புக்காகவே. செட்டாப் பாக்ஸ் வேறு கணக்கு. 10 வாட் இழுக்கும் பெட்டி இரவு பகலாக ஆனிலேயே இருந்தால் 60 நாளில் 14.4 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் நடப்பில் உள்ளது. அந்த நூறில் ஏழில் ஒரு பங்கை யாரும் பார்க்காத டி.வி.யின் பெட்டி தின்றுவிடுகிறது. ரிமோட்டில் அணைப்பதோடு நிறுத்தாமல் சுவரில் அணையுங்கள்.

கழித்தவற்றை என்ன செய்வது?

எரிக்கக் கூடாது. இந்த நூலிலேயே மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டிய இடமாக இதைக் கருதுகிறேன்.

போகி அன்று பழையதைக் கழிப்பது நம் நல்ல வழக்கம். ஒயரைத் தீயில் போடுவது அதில் சேர்ந்ததன்று. செம்புக் கம்பியை எடுக்க ஒயரை எரிப்பவர்களும் உண்டு. ஒயரின் உறை பிவிசி. அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அரிக்கும் வாயுவும் டையாக்சின் என்ற நஞ்சும் வெளிவரும். டையாக்சின் புல்லிலும் மண்ணிலும் படியும், மேயும் மாட்டின் கொழுப்பில் சேரும், பாலில் வரும். மனித உடலுக்குள் போகும் டையாக்சினில் 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழியாக, அதிலும் பெரும்பகுதி இறைச்சி, பால், மீன் வழியாகவே போகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைத் தாங்கி நிற்பது இந்த வட்டாரத்து மாட்டுப் பால். பால் கொடுக்கும் மண்ணில் ஒயரை எரிக்கலாமா?

உலகம் முழுவதும் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உண்டானது என்றும், முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா.வின் 2024 அறிக்கை கூறுகிறது. நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், மறுசுழற்சிக்கான பொறுப்பைத் தயாரிப்பு நிறுவனங்கள் மேல் வைக்கின்றன. ஆகவே செல்போன், மடிக்கணினி கம்பெனிகளின் சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது கழித்த பையையும் எடுத்துச் சென்று, வாங்கிக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். குப்பைத் தொட்டியில் மற்றக் குப்பையோடு கலக்க வேண்டாம். உப்பிய பேட்டரியைக் குத்தவோ நசுக்கவோ கூடாது. தனியாக, வெயில் படாத இடத்தில் வைத்துச் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள்.

புதிதாக வாங்கும்போது

இனி குவியல் சேராமல் இருக்க, வாங்கும்போதே கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் செல்போன்களுக்கு டைப்-சி கட்டாயம் என்று சட்டம் செய்திருக்கிறது. மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதல். நம் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் (பிஐஎஸ்) 2023 ஜனவரியில் டைப்-சிக்கான தர நிர்ணயத்தை வெளியிட்டது. ஆகவே டார்ச், ஸ்பீக்கர், டிரிம்மர் எது வாங்கினாலும் டைப்-சி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். சில ஆண்டுகளில் வீட்டுக்கு ஒரே வகை ஒயர் போதும் என்ற நிலை வந்துவிடும்.

சாதாரண டைப்-சி ஒயர் 60 வாட் வரை தாங்கும். மடிக்கணினிக்கு அதற்கு மேல் வேண்டுமானால் 100 வாட் அல்லது 240 வாட் என்று குறிப்பிட்டிருக்கும் ஒயரை வாங்குங்கள். அடாப்டரில் தர முத்திரையும் 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் யாருடைய பதிவு என்று தெரியும். முத்திரை இல்லாத மலிவுச் சார்ஜரை பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் வாங்குவதைவிட ஒரு நாள் பொறுத்திருப்பது மேல். புதிய சார்ஜர் வீட்டுக்குள் வரும் அன்றே பெயர் எழுதுங்கள். அது எந்தப் பழையதன் இடத்துக்கு வந்ததோ அதை அன்றே கழியுங்கள்.

ஆண்டுக்கு இரு முறை

ஆயுத பூஜைக்குக் கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். அன்றே ஒயர்களையும் எடுத்துத் துடைத்து, கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். போகிக்கு முந்தின ஞாயிறு மறுபடி ஒரு முறை சாதனப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஜோடி இல்லாததைக் கழியுங்கள்.

சரிபார்க்க:

• ஒவ்வோர் அடாப்டரிலும் பெயர் இருக்கிறதா?
• சாதனம் இல்லாத ஒயர் ஏதேனும் உண்டா?
• கிழிந்த, கருகிய ஒயர் பயன்பாட்டில் இருக்கிறதா?
• ஜங்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸோ ஹீட்டரோ மாட்டப்படுகிறதா?
• தேதி எழுதிய பைக்கு ஆறு மாதம் ஆகிவிட்டதா?
• கழித்தவை எரியாமல் உரிய இடத்துக்குப் போயினவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வேலைக்குக் கொடுங்கள். காசு செலவில்லை. வீட்டில் தீ விபத்துக்கான ஒரு காரணம் குறையும், தேவையில்லாமல் வாங்குவது நிற்கும், நம் மண்ணில் எரியும் நஞ்சு ஒரு பை குறையும். வரும் ஞாயிறே தொடங்குங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.